டிஸ்க் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த ஜம்பரைப் பாருங்க

சிவகாசி பக்கத்துல இருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்கு எழுதிருக்காங்க, பேரு ஊரு எதுவும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால விஷயத்தை மட்டும் சொல்றேன். வீட்டுக்காரரும் இவங்களும் சேர்ந்து டிடிபி கடை வச்சிருக்காங்க. 2007-ல அசெம்பிள் பண்ணின பென்டியம் 4 கம்ப்யூட்டர், 945 மதர்போர்டு, அதுல வெஸ்டர்ன் டிஜிட்டல் 80 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க் (அகலமான ரிப்பன் கேபிள்ல மாட்டுற பழைய வகை), விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர், பிரிண்டர் போர்ட்ல மாட்டுற டாங்கிளோட (அது இல்லாம சாஃப்ட்வேர் ஓடாது, சாவி மாதிரி) வந்த பழைய தமிழ் ஃபான்ட் சாஃப்ட்வேர். பத்திரிகை மேட்டர், நோட்டீஸ், பில் புக்னு பதினெட்டு வருஷ வேலை அதுலதான் இருக்கு, பேக்கப் கிடையாது. தீபாவளி முடிஞ்சதுல இருந்து காலைல ஆன் பண்ணா டிஸ்க் பூட் ஃபெயிலியர்னு வரும், ரெண்டு மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணா ஓடிடும். போன வாரம் அதுவும் நின்னுபோச்சு, தை முகூர்த்த வேலை கைல இருக்குற நேரம். உள்ளூர் சர்வீஸ் கடை நாலு நாள் வச்சிருந்து "டிஸ்க் காலி, புதுசு போட்டு எக்ஸ்பி ஏத்தித் தரேன், பழசை 300 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கிறேன்"னு சொல்லிட்டாரு. மதுரைல ஒருத்தர் டிஸ்க்கைப் பார்க்காமலே போன்லயே ரெகவரிக்கு 15,000 சொல்லிருக்காரு. தம்பி மகன் யூ.எஸ்.பி அடாப்டர்ல போட்டு லேப்டாப்ல மாட்டிப் பார்த்தானாம், டிஸ்க் சுத்துற சத்தம் கேக்குது ஆனா எதுவுமே வரலை. ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா ஓடும்னு வேற யாரோ சொல்லிருக்காங்க. 15,000 கட்டலாமா, ஃப்ரீசர்ல வைக்கலாமா, பழசை எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடலாமா, இதான் அவங்க கேள்வி.

சகோதரி, முதல்ல ஃப்ரீசர்ல வைக்காதீங்க, டிஸ்க்கை யாருக்கும் கொடுத்துடாதீங்க, 15,000 ரூபாயையும் இப்போதைக்குக் கட்டாதீங்க. நீங்க எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன், மூணாவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, "டிவிடி ரைட்டர் வேலை செய்யலைன்னு தீபாவளி லீவுல தம்பி மகன் கழட்டிட்டான்"னு, எனக்கு அந்த வரிதான் இந்த லெட்டர்லயே முக்கியமானது. தீபாவளி லீவுல டிவிடி ரைட்டரைக் கழட்டுனாங்க, தீபாவளி முடிஞ்சதுல இருந்து டிஸ்க் தெரியலை. இது ரெண்டும் தற்செயலாவும் இருக்கலாம், ஆனா இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலை பார்க்குறவன்ங்கிறதால எனக்கு அப்படித் தோணலை.

காரணத்தைச் சொல்றேன். உங்க போர்டுல இருக்குறது ஒரே ஒரு ஐடிஇ சாக்கெட். அந்த ஒரு ரிப்பன் கேபிள்லதான் ஹார்ட் டிஸ்க்கும் டிவிடியும் சேர்ந்து தொங்கும், ஒண்ணு மாஸ்டர், இன்னொண்ணு ஸ்லேவ். எது மாஸ்டர்னு டிஸ்க்குக்குச் சொல்றது அதோட முதுகுப் பக்கம், பவர் சாக்கெட்டுக்கும் ரிப்பன் சாக்கெட்டுக்கும் நடுவுல இருக்குற ஜம்பர், ஒரு உளுத்தம்பருப்பு அளவுக்கு இருக்குற பிளாஸ்டிக் மூடி. மத்த கம்பெனி டிஸ்க்ல பெரும்பாலும் மாஸ்டர்னா மாஸ்டர்தான், தனியா இருந்தாலும் கூட ஒண்ணு இருந்தாலும் ஒரே இடம். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஇ டிஸ்க்ல அப்படி இல்ல, கூட ஒரு ஸ்லேவ் இருக்கும்போது போடுற மாஸ்டர் வேற, தனியா இருக்கும்போது போடுற சிங்கிள் வேற. டிவிடியைக் கழட்டிட்டு ஜம்பரை பழைய இடத்துலயே விட்டுட்டா டிஸ்க் இன்னும் பக்கத்துல ஒரு ஸ்லேவ் இருக்குன்னே நம்பிக்கிட்டு அதோட பதிலுக்குக் காத்திருக்கும், சில போர்டு பொறுமையா இருந்து எடுத்துக்கும், சிலது நேரம் முடிஞ்சுதுன்னு டிஸ்க்கே இல்லைன்னு முடிவு பண்ணிடும். காலைல மோட்டார் நின்ன நிலைல இருந்து சுத்தி வேகம் எடுக்கணும், ரீஸ்டார்ட் பண்ணும்போது ஏற்கனவே சுத்திக்கிட்டு இருக்கும், அதான் ரெண்டாவது மூணாவது தடவைல உங்களுக்கு ஓடிருக்கு. யூ.எஸ்.பி அடாப்டர்ல தெரியாததுக்கும் இதே காரணம் போதும், அந்த அடாப்டர்கள்ல பலதுக்கு டிஸ்க் தனி ஆளா செட் ஆகியிருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும்.

சரி, மூணு மாசம் எப்படியோ ஓடுனது போன வாரம் ஏன் சுத்தமா நின்னுச்சு? அதுக்கும் பதிலை நீங்களே எழுதிருக்கீங்க. "தினமும் காலைல தேதியை மாத்திக்கணும், 2007-ன்னு காட்டும், அது பழகிப்போச்சு"ன்னு. பழகிக்கிற விஷயம் இல்ல அது. போர்டுல இருக்குற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கு. கடையைச் சாத்தும்போது மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போவீங்க, அப்போ இருந்து காலை வரைக்கும் பயாஸ், அதாவது ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற போர்டோட சாஃப்ட்வேர், தன்னோட செட்டிங்கை அந்த மூணு வோல்ட்லதான் ஞாபகம் வச்சுக்கணும். பேட்டரி இல்லைன்னா தேதி மட்டும் இல்ல, அசெம்பிள் பண்ணவர் போட்டுக் கொடுத்த எல்லா செட்டிங்கும் தினமும் அழிஞ்சு கம்பெனில இருந்து வந்த நிலைக்குப் போயிடும், டிஸ்க்குக்காக சில செகண்ட் காத்திருன்னு போட்டிருந்தா அது பூஜ்ஜியம் ஆகிடும், எதுல இருந்து முதல்ல ஏறணும்ங்கிற பூட் வரிசையும் மாறிடும்.

இவ்வளவும் சொன்னாலும் டிஸ்க் நல்லா இருக்குன்னு நான் சத்தியம் பண்ணலை, அதை நல்லா மனசுல வச்சுக்கங்க. பதினெட்டு வருஷம் சுத்துன மோட்டார், உள்ள சுத்துற தட்டைப் படிக்கிற ஹெட்டு தேய்ஞ்சிருக்கலாம், ஜம்பர் சரியானதும் ஒரு நாள் ஓடி மறுநாள் நிஜமாவே போகவும் செய்யலாம். அதனாலதான் கீழ சொல்ற வரிசையை மாத்தாம செய்யச் சொல்றேன்.

தெரியலைன்னா யாருக்குத் தெரியலை?

டிடெக்ட் ஆகலைன்னு எல்லாரும் ஒரே வார்த்தையா சொல்லிடுறாங்க, அதுக்குள்ள மூணு வேற வேற நோய் இருக்கு. ஆன் பண்ணதும் டெலீட் கீயை அமுக்கி பயாஸுக்குள்ள போய்ப் பார்த்தா அங்கயே டிஸ்க் பேர் இல்லையா, அப்போ பிரச்னை கேபிள், பவர், ஜம்பர், இல்லை டிஸ்க்கோட உடம்புல. பயாஸ்ல பேர் சரியா வருது ஆனா விண்டோஸ் ஏறலையா, அது வேற, உள்ள ஃபைல் சிஸ்டமோ பூட் பகுதியோ கெட்டிருக்கு. இன்னொரு கம்ப்யூட்டர்ல மாட்டும்போது விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல தெரியுது ஆனா மை கம்ப்யூட்டர்ல வரலையா, சில நேரம் வெறும் டிரைவ் லெட்டர் பிரச்னையா முடிஞ்சிடும். பயாஸ்ல பேர் வந்து, அது ஏதோ கிறுக்கல் எழுத்தா இருந்தா கேபிள் மேலயும் பின் மேலயும் சந்தேகப்படணும். தம்பி மகன் ரெகவரி சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்றேன்னு சொல்றானே, பயாஸுக்கே தெரியாத டிஸ்க்கை எந்த சாஃப்ட்வேரும் பார்க்க முடியாது, இப்போதைக்கு அதுல நேரம் போக்க வேண்டாம்.

அடுத்தது சத்தம். இதை நீங்களே செய்யலாம், டிஸ்க்கை மேசை மேல ஒரு துணியில வச்சு பவர் கொடுத்து ஓரத்துல விரலை லேசா வையுங்க. நல்ல டிஸ்க் ஸ்ஸ்ஸ்னு மெல்ல ஏறி, நடுவுல டிக் டிக்னு ரெண்டு தடவை சொல்லி, அப்புறம் ஒரே சீரா சுத்தும், விரல்ல ஒரு மெல்லிய அதிர்வு தெரியும். டக்… டக்… டக்னு கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில அடிச்சா, இல்லை ஏறி ஏறி அடங்குனா, அந்த செகண்டே பவரை எடுத்துடுங்க, உள்ள ஹெட்டு தட்டுல உரசிக்கிட்டு இருக்கலாம், நீங்க ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் ஒரு கல்யாணப் பத்திரிகை சுரண்டப்பட்டுப் போகுதுன்னு நினைச்சுக்கங்க. சத்தமே இல்லைன்னா பவர் போகலை, இல்லை டிஸ்க்கோட சர்க்யூட் போர்டு அடி வாங்கிருக்கு. உங்க லெட்டர்ல சீரா சுத்துற சத்தம் கேக்குதுன்னுதான் எழுதிருக்கீங்க, எனக்கு நம்பிக்கை வந்ததே அதுலதான்.

ஒரு ஸ்கூல் ஆபீஸ் கம்ப்யூட்டர் எங்கிட்ட வந்துச்சு, இதே மாதிரி டிஸ்க் போச்சுன்னு ரெண்டு இடத்துல சொல்லி அனுப்பிட்டாங்க, பதினோரு வருஷ டி.சி ரெக்கார்டு உள்ள. டிஸ்க்ல சத்தமே இல்லை. நாலு பின் பவர் கனெக்டரைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தா மூணு பின்னோட வாய் ஒரே மட்டத்துல பளபளன்னு இருக்கு, மஞ்சள் வயரோட பின் மட்டும் அரை இன்ச் பின்னாடி தள்ளிப்போயிருக்கு, யாரோ அழுத்தி மாட்டும்போது நழுவிருக்கு. மஞ்சள்தான் 12 வோல்ட், மோட்டாருக்குப் போறது. சின்ன ஸ்க்ரூடிரைவரால பின்னை முன்னாடி தள்ளி மாட்டுனேன், ஸ்ஸ்ஸ்னு ஏறுச்சு. அந்தம்மா, ஆபீஸ் கிளார்க், அங்கயே உக்காந்து அழுதுட்டாங்க. அன்னைல இருந்து கனெக்டருக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்காம எந்த டிஸ்க்கையும் போச்சுன்னு நான் சொல்றதில்லை.

பவரைப் பிடுங்கிட்டு இதைச் செய்யுங்க

சுவிட்சை ஆஃப் பண்ணா போதாது, ஒயரையே சாக்கெட்ல இருந்து எடுத்துடுங்க, கேபினட்டோட பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு அப்புறம் உள்ள கை வையுங்க. டிஸ்க் மேல ஒட்டியிருக்குற லேபிள்லயே ஜம்பர் படம் போட்டிருக்கும், சிங்கிள்னு இருக்குற படத்தைப் பார்த்து அதே மாதிரி மாத்துங்க, பெரும்பாலும் ஜம்பரைச் சுத்தமா எடுத்துட்டாலே சிங்கிள்தான். எடுத்த ஜம்பரைத் தொலைச்சுடாதீங்க, ஒரு செல்லோ டேப்ல டிஸ்க் மேலயே ஒட்டி வையுங்க. ரிப்பன்ல நீலமா இருக்குற முனை போர்டுக்கு, கடைசி கருப்பு முனை டிஸ்க்குக்கு, நடு சாம்பல் முனை சும்மா இருக்கட்டும், கழட்டும்போது பையன் டிஸ்க்கை நடு முனைல மாட்டிருந்தாலும் இதே மாதிரி தொல்லை வரும். சிவப்புக் கோடு பவர் கனெக்டர் பக்கமா வரணும். டிஸ்க்ல இருக்குற பின் ஏதாவது வளைஞ்சிருக்கான்னு பாருங்க, வளைஞ்சிருந்தா நீங்க நிமிர்த்த வேண்டாம். ரிப்பன் புதுசே வாங்கிடுங்க, பழைய பார்ட்ஸ் விக்கிற கடைல இன்னும் கிடைக்குது, 40 பின் 80 வயர்னு கேளுங்க.

பேட்டரியையும் இப்பவே மாத்திடுங்க, வாட்ச் கடையிலயே கிடைக்கும், பிளஸ் போட்ட பக்கம் மேல வரணும். போர்டுல நிக்கிற சின்ன டப்பா மாதிரி கெப்பாசிட்டர் மண்டை உப்பியிருக்கா, பழுப்பு நிறமா கசிஞ்சிருக்கான்னு ஒரு பார்வை பாருங்க, அந்தக் காலத்துப் போர்டுகள்ல இது நிறைய வந்துச்சு. உப்பியிருந்தா இந்த கம்ப்யூட்டர்ல இனி டிஸ்க்கை மாட்டவே வேண்டாம், கரண்ட் கொடுக்குற எஸ்எம்பிஎஸ் டப்பாவும் அதே வயசுதான், தள்ளாடுற கரண்ட்ல டிஸ்க்கை ஓட்டக் கூடாது.

தெரிஞ்ச உடனே என்ன பண்ணணும்

இங்கதான் முக்கால்வாசி பேர் கோட்டை விடுறாங்க. ஜம்பர் மாத்துனதும் எக்ஸ்பி ஏறிடுச்சுன்னா அன்னைக்கே பத்திரிகை வேலையைத் தொடங்கிடுவாங்க, நீங்க அப்படிப் பண்ணாதீங்க. என்னைக் கேட்டா பழைய கம்ப்யூட்டர்ல ஏத்திப் பார்க்கவே வேண்டாம், ஜம்பரை மாத்துன கையோட அந்த யூ.எஸ்.பி அடாப்டர்லயே திரும்ப மாட்டுங்க, அதுக்குன்னு தனி பவர் அடாப்டர் இருக்கே அதை முதல்ல ஆன் பண்ணி டிஸ்க் வேகம் எடுத்த பிறகு யூ.எஸ்.பியைச் சொருகுங்க. லேப்டாப் ஃபார்மேட் பண்ணவான்னு கேட்டாலும், இனிஷியலைஸ் பண்ணவான்னு கேட்டாலும், ஸ்கேன் பண்ணி சரி பண்ணவான்னு கேட்டாலும் எல்லாத்துக்கும் வேண்டாம்தான் பதில். ஃபார்மேட் பண்ணா டிஸ்க் சரியாகிடும்னு நிறைய பேர் நம்புறாங்க, டிஸ்க் சரியாகலாம், அதுல இருந்த உங்க பதினெட்டு வருஷம் காணாமப் போயிடும்.

காப்பி பண்றதுலயும் ஒரு வரிசை இருக்கு. மொத்தத்தையும் செலக்ட் பண்ணி இழுக்காதீங்க, இப்போ கைல இருக்குற தை மாசப் பத்திரிகை ஃபோல்டர் முதல்ல, அடுத்து ஃபான்ட். ஃபான்ட்டை யாரும் நினைக்கிறதே இல்லை. உங்க மேட்டர் எல்லாம், இப்போ எல்லா கம்ப்யூட்டர்லயும் பொதுவா ஓடுற யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தின ஃபான்ட்ல அடிச்சது, அந்த ஃபான்ட் இல்லாம பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தா திருமண அழைப்பிதழ்னு இருந்த இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் குறியும்தான் கலந்து கிடக்கும். சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு இருக்கும், அதை அப்படியே எடுத்துடுங்க, தமிழ் சாஃப்ட்வேர் இருக்குற ஃபோல்டரையும் சேர்த்து. டெஸ்க்டாப்ல போட்டு வச்சது டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள்ள உங்க யூசர் பேர்ல இருக்கும், அதை மறந்துடாதீங்க. ஒரு ஃபைல்ல போய் தொங்குச்சுன்னா அதையே திரும்பத் திரும்ப முயற்சி பண்ணாதீங்க, விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. பத்து இடத்துல தொங்குச்சுன்னா நிறுத்திடுங்க, அதுக்கப்புறம் முழு டிஸ்க்கையும் அப்படியே இமேஜ் எடுக்கத் தெரிஞ்ச ஆள்கிட்டத்தான் போகணும், லினக்ஸ்ல டிடிரெஸ்கியூன்னு ஒரு டூல் இருக்கு, படிக்க முடியிற இடத்தை முதல்ல எடுத்துட்டு கெட்ட இடத்துக்குக் கடைசியா திரும்பி வரும். மொத்தமே 80 ஜிபிதான், ரெண்டு தனித்தனி இடத்துல காப்பி வச்சுக்குறது இன்னைக்குப் பெரிய செலவு இல்லை.

ஃப்ரீசர் விஷயம். வெளிய எடுத்ததும் உள்ள ஈரம் படியும், மோர்ப் பானை வேர்க்குற மாதிரி. ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி தலைமுடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூடக் கிடையாது, அதுல ஒரு துளி ஈரம் என்ன பண்ணும்னு நீங்களே யோசிங்க. வீட்ல மூடியைத் திறக்குறதும் அதே பாவம்தான். இன்னொரு டிஸ்க்கோட சர்க்யூட் போர்டைக் கழட்டி இதுல மாட்டலாம்னும் யாராவது சொல்லுவாங்க, அந்த டிஸ்க்குக்குன்னு தனியா அளந்து எழுதின குறிப்பு அந்தப் போர்டுல இருக்கு, அதை மாத்தி எழுதத் தெரியாம மாட்டுனா இருக்குறதும் குழம்பும்.

கடைக்காரரும் 15,000 ரூபாயும்

ரெகவரிக்கு 15,000 கேக்குறதே ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஹெட்டு போன டிஸ்க்கை தூசி இல்லாத அறையில திறந்து, அதே மாடல் டிஸ்க் தேடி வாங்கி ஹெட்டை மாத்தி எடுக்குறது நிஜமான உழைப்பு, அதுக்கு அதுக்கு மேலயும் ஆகலாம். ஆனா டிஸ்க்கைக் கண்ணால பார்க்காம போன்லயே ஒரு தொகை சொல்றவர்கிட்ட கொடுக்காதீங்க. கொடுக்குற நிலைமை வந்தா இதையெல்லாம் கேளுங்க: என்ன கோளாறுன்னு எழுதித் தருவீங்களா, முதல்ல காப்பி எடுத்துட்டு அந்தக் காப்பில வேலை பார்ப்பீங்களா, மேட்டர் கிடைக்கலைன்னா எவ்வளவு வாங்குவீங்க, கிடைச்ச ஃபைல் லிஸ்ட்டை காசு கட்டுறதுக்கு முன்னாடி காட்டுவீங்களா. டிஸ்க்கோட சீரியல் நம்பர் எழுதுன ஜாப் ஷீட் இல்லாம எங்கயும் விட்டுட்டு வராதீங்க. டிஸ்க் உங்க பொருள், ரிப்பேர் பண்ண முடியலைன்னா திருப்பிக் கொடுக்கணும், தர மாட்டேன்னா 1915-க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகார் பதியலாம்.

எக்ஸ்சேஞ்ச்ல கண்டிப்பா கொடுக்காதீங்க, காசுக்காகச் சொல்லலை. ரேஷன் கார்டு, பட்டா அப்ளிகேஷன் போட வர்றவங்க ஆதாரை ஸ்கேன் பண்ணித் தர்றோம்னும் எழுதிருக்கீங்க. அப்போ உங்க ஊர்ல எத்தனை பேரோட ஆதாரும் போட்டோவும் கையெழுத்தும் அந்த டிஸ்க்ல இருக்கு? உங்க போர்டுக்குத் தெரியாத டிஸ்க், எடுத்துட்டுப் போறவரோட போர்டுக்கு ஒரு ஜம்பரை நகர்த்துனா தெரியும். அடுத்தவங்க விவரத்தை வாங்கி வச்சிருக்குறவங்கதான் அதைப் பத்திரமாப் பார்த்துக்கணும்னு சொல்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லயே வந்தாச்சு. சட்டத்தை விடுங்க, அவங்க உங்களை நம்பித்தான் கொடுத்தாங்க. ஸ்கேன் பண்ணது வேலை முடிஞ்சதும் அழிஞ்சிடணும், எக்ஸ்பி இருக்குற கம்ப்யூட்டர்ல அது இருக்கவே கூடாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் கொடுக்குறதை 2014 ஏப்ரல்லயே நிறுத்திட்டாங்க, அதனால அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல இருந்து நெட் ஒயரையும் எடுத்துடுங்க, பேஜ்மேக்கருக்கு நெட் வேண்டாம்.

மேட்டர் பத்திரமா வெளிய வந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடணும்னு இல்லை, டாங்கிளும் பேஜ்மேக்கரும் அதுலதான் ஓடுதுன்னா வேற நல்ல டிஸ்க் போட்டு ஓட்டுங்க, உங்க போர்டுல ஐடிஇக்கு அப்புறம் வந்த சாட்டா வகை டிஸ்க்குக்கான சாக்கெட்டும் இருக்கும். பயாஸ்ல சாட்டாவை ஐடிஇ மோட்ல வைக்கச் சொல்லுங்க, ஏஹெச்சிஐங்கிற இன்னொரு மோட்ல வச்சா அதுக்கான டிரைவர் இல்லாத எக்ஸ்பி நீலத் திரை காட்டி நின்னுடும், அதைப் பார்த்துட்டு புது டிஸ்க்கும் போச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. பழைய 80 ஜிபியைத் திரும்ப வேலைக்கு விடாதீங்க, துணியில சுத்தி பீரோவுல வச்சிருங்க.

முதல்ல கடையில இருந்து டிஸ்க்கை வாங்கிட்டு வாங்க. ஜம்பரைத் தொடுறதுக்கு முன்னாடி லேபிளும் ஜம்பரும் சேர்ந்து தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எந்தப் பின்ல இருக்குன்னு பார்த்துச் சொல்றேன், அதுவரைக்கும் ஆன் பண்ண வேண்டாம்.